டெஸ்டர் நைனாவும் எங்கள் கொடிக் கம்பியும்

டெஸ்டர் நைனாவைப் போல எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட மனிதர் இந்தப் பூமியில் இன்னொருவர் பிறந்திருக்க முடியாது. பிறந்திருந்தால் இருவரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டே போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில், திருவள்ளூர் மணவாள நகரில் நாலு வீடுகளை ஒட்டிக் கட்டிய ஒரு வரிசைக்குப் புதுப் பெண்டாட்டி சாந்தாவோடு குடிபோனேன். பக்கத்து வீட்டுக்காரர் நைனா. பம்ப்செட் கம்பெனி ஒன்றில் டைம் ஆபீஸ் வேலை. யாருடைய வருகைக் கார்டை யார் அடிக்கிறார்கள் என்று பகலெல்லாம் வேவு பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் சந்தேகத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார். ஆந்திரப் பக்கம் சொந்த ஊர் என்பதால் யாரையும் 'நைனா' என்றுதான் கூப்பிடுவார்; அதுவே அவருக்கும் பெயராகிவிட்டது. மற்றவர்கள் பேனா குத்தியிருக்கும் சட்டைப் பையில் இவர் கரண்டு பார்க்கும் டெஸ்டர் வைத்திருப்பார். உண்மைப் பெயரை வீட்டுச் சொந்தக்காரரிடமாவது சொன்னாரா என்பது எனக்குச் சந்தேகம்.

பால்காரர் மேல் சந்தேகம், தபால்காரர் மேல் சந்தேகம். ஆனால் எலெக்ட்ரீஷியன் என்று வந்துவிட்டால் அந்தச் சந்தேகமே தனி ரகம்.

"ஒரு ரிப்பேரு பண்ணுவான், இன்னொரு ரிப்பேரு வச்சிட்டுப் பூடுவான் நைனா. அப்பதான நாம திரும்பக் கூப்புடுவோம்? நம்ம ஊட்டு ஒயரை நாமளே பாத்துக்கினா இன்னா?"

பார்த்துக்கொண்டார். அவர் வீட்டு ஃபியூஸ் அடிக்கடி போனது. மெல்லிசு கம்பி விற்றுக் கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்று கண்டுபிடித்து, நல்ல தடித்த செப்புக் கம்பியாகப் பார்த்துச் சுற்றினார். "இப்ப போவச் சொல்லு, பாக்கலாம்!" என்று சவால் வேறு. ஃபியூஸ் போகவில்லை. அதற்குப் பதிலாக ஸ்விட்ச் போர்டு புகைந்தது. போர்டு விற்றவனும் அன்றுமுதல் அயோக்கியன் ஆனான்.

ரிப்பேர் என்றால் மெயினை அணைக்க மாட்டார். மெயின் ஸ்விட்ச் உண்மையிலேயே அணைகிறதா என்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு மரப்பலகை மேல் ஏறி நிற்பார். பின்னால் அவர் மனைவி கமலம்மா காய்ந்த சவுக்குக் கட்டையோடு தயாராக நிற்க வேண்டும். அவர் உடம்பு உதறினால் கையைப் பார்த்து ஒரே போடு, கரண்டு விட்டுவிடும். ஒருநாள் ஃபேன் ரெகுலேட்டரைக் குடைந்துகொண்டிருந்தபோது உடம்பு உதறியது. கமலம்மா போட்டார்.

"அடிப்பாவி, நான் தும்மினேன்டி!"

"தும்மறதா இருந்தா சொல்லிட்டுத் தும்மக் கூடாதா? எனக்கு இன்னா தெரியும்?"

தெரியாமல்தான் அடித்தாரா என்று வரிசையில் எங்களுக்கெல்லாம் ஒரு சந்தேகம். நைனாவுக்கும் இருந்தது. அதற்குப் பிறகு வேலைக்கு நடுவே அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

இந்த நிலைமையில்தான் அவருடைய ரேடியோ கரகரக்க ஆரம்பித்தது. பஜாரில் கடை வைத்திருந்த எலெக்ட்ரீஷியன் மணி, தனியாக ஏரியல் கம்பி வாங்கிக் கட்டச் சொன்னான். "கமிஷன்!" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் நைனா. நாலு வீட்டுப் பின்கட்டையும் தொட்டுக்கொண்டு துணி காயப்போடும் இரும்புக் கம்பி ஒன்று ஓடியது. அதைவிட நீளமான ஏரியல் எங்கே கிடைக்கும்? ரேடியோவைத் திறந்து, எந்த இடத்தில் ஒயரை வைத்தால் சத்தம் நன்றாக வருகிறதோ அந்த இடத்தில், உள்ளேயிருந்த இரும்புத் தகட்டில், ஒரு முனையை முறுக்கினார். மறுமுனையை ஜன்னல் வழியாக விட்டுக் கொடிக் கம்பியில் கட்டினார். பாட்டு கணீரென்று கேட்டது. நாங்களும் வாசலில் நின்று ரசித்தோம். மணி மட்டும் கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டான் என்று சொன்னார்கள். வியாபாரம் போன வயிற்றெரிச்சல் என்றார் நைனா.

அந்த ரேடியோவின் பிளக்குக்கு இரண்டே கால்கள். எப்படித் திருப்பிச் சொருகினாலும் பாடும். ஆனால் ஒரு பக்கம் சொருகினால் ஒன்றும் ஆகாது. மறுபக்கம் சொருகினால் உள்ளே இருக்கிற தகட்டில் கரண்டு ஏறும். இது எங்களில் யாருக்கும் தெரியாது.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நைனா பிளக்கைப் பிடுங்கித் துடைத்துவிட்டு, எந்தப் பக்கம் என்று பார்க்காமல் மறுபடி சொருகினார். பின்கட்டில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று சாந்தா புடவையைக் கம்பியில் போட்டாள். கம்பியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது; உடம்பு மட்டும் மெல்ல உதறியது. கத்தக்கூட வாய் வரவில்லை. நான் கிணற்றடியில் இருந்து பார்த்தேன். அங்கிருந்து உதறல் தெரியவில்லை; ஏதோ யோசிக்கிறாள் என்று நினைத்தேன். அடுப்புக்கு விறகு எடுக்க வந்த கமலம்மாவுக்கு அந்த உதறல் பழகிய விஷயம். கையிலிருந்த சவுக்குக் கட்டையை ஓங்கிக் கம்பி மேல் போட்டார். ஆணியோடு கம்பி பிய்ந்து விழுந்தது. சாந்தாவும் விழுந்தாள். மூச்சு இருந்தது. 

நைனா ஓடிவந்து டெஸ்டரைக் கம்பியில் வைத்தார். எரிந்தது. "எவனோ வேணும்னே பண்ணிக்கீறான்!" என்று கர்ஜித்துக்கொண்டு கம்பியில் கட்டியிருந்த ஒயர் போன வழியே போனார். ஒயர் அவர் வீட்டு ஜன்னலுக்குள் போயிற்று. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கியவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது சைக்கிளை எடுத்துக்கொண்டு, எவனைக் கமிஷன் அடிப்பவன் என்றாரோ அந்த மணியைக் கூப்பிடப் போனார்.

மணி முதலில் மெயினை அணைத்தான். ஒயரை அறுத்தான், ஃபியூஸில் இருந்த செப்புக் கம்பியைப் பிடுங்கி எறிந்தான், இனிமேல் கொடிக்குக் கயிறுதான் என்று சொல்லிவிட்டான். நைனா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கிளம்பும்போது மட்டும் பழக்கம் விடவில்லை.

"எதுனா ஒண்ணு வச்சிட்டுப் போறியா மணி?"

"உன்னைத்தான் நைனா வுட்டுட்டுப் போறேன். அது பத்தாதா?"

அன்று முதல் நைனா ஒயரைத் தொடவில்லை. டெஸ்டரை மட்டும் விடவில்லை. காலையில் டூட்டிக்குப் போகுமுன் பின்கட்டுக்கு வந்து, தேங்காய் நார்க் கயிற்றில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். சாந்தா ஈரத் துணியோடு காத்திருப்பாள்.

"கயித்துல எப்படி சார் கரண்டு வரும்?" என்று கேட்பேன்.

"வராதுன்னு இன்னா கேரண்டி?" என்பார். பிறகு சாந்தாவின் முகத்தைப் பார்க்காமல் சொல்வார்: "போடும்மா."

அங்கிருந்து நாங்கள் பொன்னேரிக்கு வந்து வெகு காலமாகிறது. இப்போது எங்கள் வீட்டுக் கொடி நைலான் கயிறு. இருந்தும் வாளியோடு போகிற சாந்தா கயிற்றடியில் ஒரு கணம் நின்றுவிடுவாள். எதற்கு நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். உள்ளேயிருந்தே குரல் கொடுப்பேன்: "போடும்மா."