அபாயச் சங்கும் சாவுச் சங்கும்

பூந்தமல்லி,
சித்திரபானு வருஷம், வைகாசி 3.

மகா-ராஜ-ராஜ-ஸ்ரீ மைத்துனர் வீரராகவன் அவர்கள் சமுகத்திற்கு, பத்திரம் எழுதும் கங்காதரன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. நான் இங்கு சௌக்கியம். அப்படி எழுதுவதுதான் முறை என்பதால் எழுதிவிட்டேன். வந்தவாசியில் தாங்களும், தங்கள் வீட்டில் அடைக்கலம் புகுந்திருக்கும் என் சம்சாரம் தாட்சாயிணியும் சுகமாக இருக்கப் பகவானைப் பிரார்த்திக்கிறேன்.

எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்து, பெண்சாதி ஊரில் இல்லாத தைரியத்தில் நான் குடித்துவிட்டு எழுதுவதாக நினைக்க வேண்டாம். ரிஜிஸ்டிரார் ஆபீஸ் வாசலில் இருபத்திரண்டு வருஷம் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய கை இது. ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய பங்குனியில், தாட்சாயிணியைத் தங்களிடம் வண்டி ஏற்றிவிட்டு வந்தேனே, அன்றிலிருந்து நடுங்குகிறது. நிலம் வாங்குவாரும் இல்லை, விற்பாரும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்த என்னைப் பிடித்து, குண்டுவீச்சிலிருந்து ஊரைக் காக்கும் வார்டன் ஆக்கித் தலையில் ஒரு இரும்புத் தொப்பியைக் கவிழ்த்து, கையால் சுற்றுகிற அபாயச் சங்கு ஒன்றையும் ஒப்படைத்தார்கள். பட்டணத்துச் சங்கு கேட்டால் நான் இதைச் சுற்ற வேண்டும். ஜனங்கள் பதுங்கு குழியில் குதிக்க வேண்டும். வேலை இவ்வளவுதான். ஆனால் அன்று முதல் எதைக் கேட்டாலும் எனக்குச் சங்காகவே கேட்கிறது. அரிசி மில் ஊதினால் மேஜைக்கடியில் போய்விடுகிறேன். பால்காரி முனியம்மா வாசலில் கூப்பிட்டால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. சோறு இறங்கவில்லை, கண் மூடினால் திறந்துகொள்கிறது. இருதய வியாதிதான், ஆயுசு முடிந்தது என்று தீர்மானித்து டாக்டரிடம் போனேன்.

அவர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒடம்புல ஒண்ணுமில்ல கங்காதரா. மனசுலதான் பாரம் ஏறிக்கீது. இன்னா கவலைன்னு யார்கிட்டயாச்சும் சொன்னியா?" என்று கேட்டார். "கவலையே கிடையாது டாக்டர்" என்றேன். அவர் குழாயை மடித்து வைத்துவிட்டு, யுத்தச் செய்தி படிக்காதே, காலையில் காலாற நட, படபடப்பு வந்தால் மூச்சை மெள்ள இழுத்து மெள்ள விடு என்றார். பேப்பரை நிறுத்தினேன், அதனால் வதந்திகளை மட்டுமே கேட்கும்படி ஆயிற்று. வேலப்பன்சாவடி வரை நடந்தேன். எதிரே வரிசையாக ராணுவ லாரிகள் வரவே வயல் வரப்பில் குப்புறப் படுத்துவிட்டு வந்தேன். ஆபீஸ் வாசலில் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டேன். எனக்கு உயிர் பிரிகிறதென்று நினைத்து யாரோ வாயில் தண்ணீர் ஊற்ற, புரையேறி உண்மையாகவே பிரியப் பார்த்தது. பக்கத்துத் தையற்கடை உஸ்மான் கனிதான் முதுகைத் தட்டிக் காப்பாற்றினார். "அண்ணாத்தே, உன்க்கு இன்னாமோ ஆயிப்போச்சு. ஊட்டுக்காரம்மாவ வரச் சொல்லிக் கடுதாசி போடு" என்றார். அவரிடம் அன்றைக்குக் கோபித்துக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் அது நடந்தது. மச்சான், தங்களிடம் எப்படிச் சொல்வேன்! தூரத்தில் சங்குச் சத்தம் கேட்டது. பட்டணத்துச் சங்கேதான் என்று நான் என் சங்கைச் சுற்று சுற்றென்று சுற்றினேன். கடைத்தெரு கலைந்து ஓடியது. ஆனால் நான் கேட்டது சாவுச் சங்கு. நசரத்பேட்டைப் பக்கம் பாரவண்டி ஓட்டிக்கொண்டிருந்த கன்னியப்பன் செத்துப்போய், அவனைப் பாடையில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். என் சங்கைக் கேட்டதும் தூக்கினவர்கள் பாடையை நடுரோட்டில் இறக்கிவிட்டுக் குழிக்குள் குதித்துவிட்டார்கள். சங்கு ஊதினவன் சங்கோடு குதித்தான். ரோட்டில் கன்னியப்பனும், அவன் பெண்சாதி வேம்புலியம்மாளும்தான் மிச்சம். அவள் ஓடவில்லை. பாடை பக்கத்தில் உட்கார்ந்து, புருஷன் முகத்தில் மொய்த்த ஈயை முந்தானையால் ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் இரும்புத் தொப்பியோடு ஓடி, "குழிக்குள் போம்மா!" என்று கத்தினேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "இவரே பூட்டாரு. இனிமே எனக்கு இன்னா சாமி குண்டு?" என்றாள்.

விமானம் வரவில்லை. குழியிலிருந்து ஏறியவர்கள் என்னை ஏசிய ஏச்சு இந்தக் காகிதத்தில் அடங்காது. அவர்கள் மறுபடி பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். அடிப்பாளென்று நினைத்தேன். "வந்துட்டியா, குந்து" என்றாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. செத்தவன் வீட்டில் எல்லோரையும்விட உரக்க நான் அழுதேன். சொந்தக்காரர்கள் கன்னியப்பன் எனக்குப் பால்ய சிநேகிதனோ என்று பேசிக்கொண்டார்கள். வேம்புலியம்மாள் மட்டும், "நீ எங்க ஊட்டு ஆளுக்கு அயுவுல. யாருக்கு அயுவுற?" என்று கேட்டாள்.

சொன்னேன் மச்சான். ரங்கூனில் மரக்கிடங்குக் கணக்குப்பிள்ளையாக இருக்கும் எங்கள் பையன் ஜம்புலிங்கத்திடமிருந்து கார்த்திகைக்குப் பிறகு கடிதம் இல்லை. தை மாசம் நான் எழுதியது, தபால் போக்குவரத்து இல்லையென்று பங்குனியில் என்னிடமே திரும்பி வந்துவிட்டது. ரங்கூன் விழுந்துவிட்டது. ஜனங்கள் காட்டு வழியாக நடந்து வருகிறார்களாம், வழியெல்லாம் சாகிறார்களாம். தாட்சாயிணியிடம், "பையன் கடிதம் போட்டுவிட்டான், சௌக்கியமாம்" என்று சொல்லித்தான் வண்டி ஏற்றினேன். அந்தப் பொய்யைச் சொன்ன அன்று ஆரம்பித்த நடுக்கம் இது.

வேம்புலியம்மாள், வந்துவிடுவான் என்று சொல்லவில்லை. சாமி காப்பாற்றும் என்றும் சொல்லவில்லை. "இத்த உள்ளாற பூட்டி வெச்சிகினா ஊரெல்லாம் சங்கு ஊதிகினு திரிஞ்சே? போய் மூஞ்சியக் கயுவினு வா. கஞ்சி ஆறுது" என்றாள். குடித்தேன். ஒன்றரை மாசத்துக்குப் பிறகு அன்றுதான் தொண்டையில் ஏதோ இறங்கியது. வீட்டுக்கு வந்து விடியும் வரை தூங்கினேன்.

ஆகவே இப்போது எனக்கு எவ்விதக் குறையும் இல்லை. பீதி அடங்கும் வரை தாட்சாயிணி அங்கேயே இருக்கட்டும். பையன் விஷயம் அவள் காதில் விழவே கூடாது. இக்கடிதத்தைப் படித்தவுடன் அடுப்பில் போட்டுவிடவும். பெரியவர்களுக்கு நமஸ்காரமும் சிறியவர்களுக்கு ஆசீர்வாதமும் குறைவில்லாமல் சேர்ப்பிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கங்காதரன்

பி.கு. தபாலாபீசுக்குப் போனவன் பெட்டியில் போடாமல் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். எனக்கு அறிமுகமே இல்லாத ஒருத்தியிடம் அழுதுவிட்டு, பெற்றவளிடம் மறைக்கச் சொல்கிறேன்; இது என்ன நியாயம்? கடிதத்தை எரிக்க வேண்டாம். அவளிடம் முழுவதையும் படித்துக் காட்டிவிடுங்கள். இல்லை, வேண்டாம். கேட்டதும் அவள் விழுந்துவிடுவாள். அப்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும். சங்கை உஸ்மான் கனியிடம் ஒப்படைத்துவிட்டேன். தையல் மெஷினைச் சுற்றிப் பழகிய கை, நன்றாகவே சுற்றுகிறது. வெள்ளிக்கிழமை நானே வருகிறேன். நான் எதற்காக வருகிறேன் என்று அவள் கேட்டால், தெரியாது என்று மட்டும் சொல்லிவையுங்கள்.