தானாக ஆடிய தலை

தட்டு உடைந்தால் ‘உடைஞ்சுடுத்து’, வாய் தவறினால் ‘வந்துடுத்து’ என்று, தான் செய்த காரியத்துக்கெல்லாம் தானே வழிப்போக்கனாக நின்று வேடிக்கை பார்க்கும் ஓர் இனம் உண்டு, தெரியுமா உங்களுக்கு? முன்பெல்லாம் விதியைச் சொல்லிப் பிழைத்தார்கள். இந்தத் தொண்ணூறுகளில், எங்கள் மைசூரில், இவர்களுக்கு விஞ்ஞானமே கிடைத்துவிட்டது!

எங்கள் ஒண்டிக்கொப்பல் தெருவில் இந்த இனத்தின் தலைவர் கணபதிராமன். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆராய்ச்சி மாணவன் சுஹாஸ் அவரைத் தன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போய், தலையெல்லாம் பசை தடவி ஒயர் ஒட்டி, “தோணும்போது விரலைத் தூக்குங்க சார், அஷ்டே, அவ்வளவுதான்” என்றான்.

மனிதர் உட்கார்ந்தார், உட்கார்ந்தார், உட்கார்ந்துகொண்டே இருந்தார்.

“ஏன் சார் தூக்கலை?”

“நீ இன்னும் உத்தரவு கொடுக்கலையேப்பா!”

மேலிடத்து அனுமதி இல்லாமல் பச்சைக்கொடியைக்கூடத் தூக்காத கை அது. ஒருவழியாகப் பழகி, திரும்பத் திரும்பத் தூக்கி, அத்தனையையும் சேர்த்துச் சராசரி எடுத்து சுஹாஸ் கம்ப்யூட்டரில் காட்டியபோது, அடடா, கூடப் போயிருந்த எனக்குப் புல்லரித்துவிட்டது! விரல் அசைவதற்கு முன்பே மூளையின் மின்சாரம் மெல்ல மெல்லத் திரண்டு எழுகிறது. ‘தூக்கலாம்’ என்ற எண்ணமே அதற்கப்புறம்தான் வருகிறதாம். நமக்குள் இப்படி ஓர் அதிசயமா!

அவர் பார்த்தது அதிசயத்தை அல்ல. சிக்னலை.

“அப்போ சிக்னல் முன்னாடியே விழுந்துடறது. வண்டி போனா டிரைவர் மேல என்ன தப்பு?”

“இல்ல சார், கடைசி நிமிஷத்துல வேண்டாம்னு நிறுத்தவும் முடியும்னு...” சுஹாஸ் முடிப்பதற்குள் அவர் பசையைக் கழுவப் போய்விட்டார். எந்த விஷயத்திலும் தனக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவது இந்த இனத்தின் வழக்கம்.

அன்றிலிருந்து பால்காரரைத் திட்டியது மூளை. பக்கத்து வீட்டுப் பேப்பரை முதலில் பிரித்தது மூளை. சீட்டில் ஜெயித்தது மட்டும் கணபதிராமன்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். மகள் ஹம்ஸா எம்.எஸ்ஸி. முடித்து, சென்னையில் வேலைக்குச் சேரக் காத்திருந்தாள். தோழியோடு அவள் மேல்கோட்டை போயிருந்த நாளில், பெங்களூரிலிருந்து வந்த ஒரு பிள்ளை வீட்டார், “ஆவணியிலேயே கல்யாணத்தை வெச்சுக்கலாமா?” என்று கேட்க, இவர் தலையாட்டிவிட்டார்.

திரும்பி வந்த ஹம்ஸா, அங்கே உட்கார்ந்திருந்த என்னையும் பொருட்படுத்தாமல் கொதித்தாள். “என்னைக் கேக்காம எப்படிப்பா தலையாட்டினேள்?”

“நான் எங்கம்மா ஆட்டினேன்? ஆடிடுத்து. மூளை முன்னாடியே முடிவு பண்ணிடறது. சுஹாஸையே கேளு.”

“ஏன்னா, என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ தலையாட்டினதும் மூளைதானா?” என்றாள் மனைவி திரிபுரசுந்தரி.

“அப்போ விஞ்ஞானம் இவ்வளவு வளரலை.”

ஹம்ஸா போனை எடுத்து பெங்களூருக்குச் சுழற்றினாள். “நமஸ்காரம் மாமி, ஹம்ஸா பேசறேன். எனக்கு இப்போ கல்யாணம் வேண்டாம். அப்பா தலை ஆடினது அப்பாவுக்கே தெரியாதாம். மன்னிச்சுக்கோங்கோ.”

போனை வைத்தாள்.

கணபதிராமன் துள்ளி எழுந்தார். “யாரைக் கேட்டுடி போன் பண்ணினே? என்ன திமிர் உனக்கு! எல்லாத்துக்கும் நீதான் பொறுப்பு, நீதான்!”

மூளை? மின்சாரம்? மூச்! தன் தலை ஆடினால் மூளை; மகள் விரல் அசைந்தால் மகள். இந்த இனத்தை அடையாளம் காண இதைவிட வேறு சோதனை வேண்டாம்.

“ஆமாம்ப்பா,” என்றாள் ஹம்ஸா. “நான்தான். நானேதான் பண்ணினேன்.”

இத்தனை வருஷக் குடித்தனத்தில் இப்படியொரு வார்த்தையை அந்த வீட்டில் முதல் தடவையாகக் கேட்ட திரிபுரசுந்தரி, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பரணிலிருந்து சென்னைக்கான பெட்டியை இறக்கினாள். எனக்குக் கைதட்டத் தோன்றியது. தட்டியும்விட்டேன்.

சரி, படித்துக்கொண்டு வரும்போதே உங்கள் மனசில் ஒரு முகம் வந்திருக்குமே! மச்சினரா? மேலதிகாரியா? உங்கள் முகம் மட்டும் ஏன் வரவில்லை? மூளை காட்டவில்லை என்கிறீர்களா?

அதானே பார்த்தேன்!