ஸ்டிக்கர் அக்காவும் நகராத சரக்கும்

உலகத்தில் உள்ள எல்லாவற்றின் மேலும் பார்கோடு ஒட்ட முடியும் என்று நம்பிய ஒரே மனுஷி எங்கள் ஸ்டிக்கர் அக்காதான். நம்பியதோடு நிற்கவில்லை, ஒட்டியும் காட்டினார்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் அவர் பைப், குழாய், மோட்டார் சாமான் கடை வைத்திருந்தார். பக்கத்துக் கடை என்னுடைய ஜெராக்ஸ் கடை. அவர் கணவர் டிராக்டர் ஓட்டப் போய்விடுவார். கடை முழுக்க அக்கா ராஜ்யம். அந்த ராஜ்யத்தில் ஒரே குறை, எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று ராணிக்கே தெரியாது. "எல்போ இல்லப்பா" என்று ஆளை அனுப்பிவிட்டுத் திரும்பினால், அந்த வளைவு இணைப்பு மூட்டையே தடுக்கிக் கீழே விழுவார்.

ஒருநாள் காஞ்சிபுரம் போய் லேபிள் அடிக்கும் மெஷினும், துப்பாக்கி மாதிரி ஒரு ஸ்கேனரும் வாங்கி வந்தார். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கோட்டு ஸ்டிக்கர். விற்கும்போது அதை ஸ்கேனரில் காட்டினால் அது கீச்சென்று கத்தும், கம்ப்யூட்டரில் இருப்பு தானாகக் குறையும். என்ன இருக்கிறது, எந்த அலமாரியில் இருக்கிறது, எது தீரப்போகிறது என்று திரையே சொல்லிவிடும்.

ஊர் சிரித்தது. முதல் நாள் வந்த விவசாயி ஒருவர் ஸ்கேனரைப் பார்த்ததும் பணிவாக நெற்றியை நீட்டினார். "ஜொரம் பாக்கறது இல்லண்ணா, கொயாயைக் குடு" என்றார் அக்கா. வாசலில் வெயிலில் நின்ற பைப்புகளில் ஒட்டியதெல்லாம் ஒரே கோடையில் கறுத்துப் போனது. "இன்னாக்கா, உன் கம்ப்யூட்டருக்குக் கண்ணு அவிஞ்சிபோச்சா?" என்றேன். "வெயில் தாங்கற ஸ்டிக்கர் கீதுடா. அதை வாங்கி ஒட்டுவேன். நீ உன் வேலையைப் பாரு" என்றார். வாங்கினார், ஒட்டினார்.

உண்மையான சண்டை அவர் கணவரின் சித்தப்பாவோடு வந்தது. ஊரில் பெரிய புள்ளி. பஞ்சாயத்து என்றால் அவர்தான் நடுவில் உட்காருவார். தினமும் கடைக்கு வருவார், டீ குடிப்பார், போகும்போது கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போவார். கேட்க ஒருவருக்கும் தைரியம் கிடையாது. அவர் புது வீடு பாதி இந்தக் கடையிலேயே முளைத்தது.

அன்று ஒரு பை நிறைய பளபளக்கும் குழாய்களோடு கிளம்பினார். அக்கா ஸ்கேனரோடு வாசலை மறித்தார்.

"மாமா, ஸ்கேன் பண்ணாம ஒரு வாஷர்கூட வெளிய போவாது."

"இன்னாமா பேசற? எங்கண்ணன் புள்ள கடை. நான் எத்துக்கினு போவக்கூடாதா?"

"தாராளமா எடுங்க. ஆனா இது கத்தணும், பில்லு வரணும். இருப்புல காட்டுது, அலமாரில இல்லன்னா நான் யாரைக் கேக்கறது?"

தெருவே கூடிவிட்டது. பெரியவருக்கு ரோஷம் பொங்கியது. பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். "இவ வழி வுடறவரைக்கும் நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்!"

 அக்கா உள்ளே போய்க் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். மெஷின் கிர்ரென்று ஒரு லேபிளைத் துப்பியது. அதைக் கொண்டுவந்து பெரியவரின் வெள்ளைச் சட்டைப் பையில் ஒட்டி, ஸ்கேனரை அழுத்தினார். திரையில் கொட்டை எழுத்தில் வந்தது: நகராத சரக்கு.

கூட்டம் சிரித்த சிரிப்பில் என் கடைக் காகிதம் பறந்தது. பெரியவர் குழாய்ப் பையைப் போட்டுவிட்டு, ஸ்டிக்கரோடே கடைத்தெரு முழுக்க நடந்து போனார்.

அதற்குப் பிறகு சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தக் கடையில் யாரும் வாங்கக்கூடாது என்று பெரியவர் ஊருக்குச் சொல்லி அனுப்பினார். உறவுக்காரர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். கல்யாண வீட்டில் அக்கா உட்கார்ந்த வரிசையில் ஒருவரும் உட்காரவில்லை. கணவர் கெஞ்சினார்: "ஒரு மன்னிப்பு கேட்டுடு. பேஜார் வுட்டுது."

அக்கா நேராகப் பெரியவர் வீட்டுக்கே போனார். நானும் துணைக்குப் போனேன்.

"மாமா, உங்க மேல ஒட்டினது தப்பு. மன்னிச்சிக்குங்க. ஸ்கேன் பண்ணச் சொன்னதுக்கு மன்னிப்பு கேக்க மாட்டேன். நாளைக்கும் பண்ணச் சொல்லுவேன்."

பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.  மறுநாள் வழக்கம்போல் கடை திறந்தது. ஆள் வராத கடையில் அவர் ஒவ்வொரு பெட்டியாக இறக்கி, விட்டுப்போன சாமான்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

கதிர் பால் பிடித்து, வயலுக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டிய நேரம், புள்ளலூர் பக்கம் பெரியவர் நிலத்தில் போர் மோட்டார் படுத்துவிட்டது. மோட்டாரையும் பைப்பையும் இணைக்கும் ஒரு பழைய மாடல் கப்ளிங் வேண்டும். எதிர்க்கடையில் "தேடிப் பாக்கணும், நாளைக்கு வாங்க" என்றார்கள். மற்ற கடைகளிலும் அதே பாட்டு. கடைசியில் பெரியவர் வேர்த்து விறுவிறுத்து அக்கா கடை வாசலில் வந்து நின்றார்.  உடைந்த கப்ளிங்கை மட்டும் நீட்டினார்.

அக்கா திரையைப் பார்த்தார். "பின்னாடி அலமாரி, மேல் தட்டு. ஒண்ணே ஒண்ணு கீது." அவர் போய் எடுத்துவரும்வரை பெரியவர் அசையாமல் நின்றார்.

சாமான் கைக்கு வந்ததும் அவர் வாசலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு தானாகவே அதை ஸ்கேனர் முன்னால் நீட்டினார்.

"அடிமா."

அது கத்தியது. பில்லுக்குப் பணத்தை எடுத்து வைத்துவிட்டு அவர் வயலுக்கு ஓடினார். மறுவாரமே உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

நான் ஜெராக்ஸ் கடையை மூடிவிட்டுத் தாம்பரம் வந்து வருஷங்கள் ஆயிற்று. என் வீட்டில் எந்தக் குழாயும் ஒழுகவில்லை. ஆனாலும் ஊர்ப்பக்கம் போனால், அந்தக் கடையில் எதையாவது வாங்காமல், அக்காவின் அதட்டலையும் கேட்காமல் பஸ் ஏற எனக்கு மனசு வருவதில்லை.