நான்கு மீசைக்காரர்களும் ஒரு கோப்பையும்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நீயும் அத்தானும் வாண்டுவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதமாக நீ சொல்லிக்கொண்டிருக்கும் அந்தப் பல் டாக்டரை வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைப் பெண் பார்க்கச் சொல். காரணம் ஒரு காபிக் கோப்பை.

எங்கள் நூலகத்தில் ஆண்டு முடிவில் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். யார் பெயர் வருகிறதோ அவருக்கு நாம் ஒரு பரிசு வாங்க வேண்டும். கொடுத்தது யார் என்று சொல்லக் கூடாது. எனக்குப் பட்டியல்காரர் பெயர் வந்தது. நான் அட்டை போட்டு அனுப்பும் புத்தகங்களுக்கு எண் கொடுத்துப் பட்டியலில் ஏற்றுகிறவர். அவரைப் பற்றி ஒன்றிரண்டு கடிதங்களில் எழுதியிருக்கிறேன். (பதினொரு கடிதம் என்பாய். நீ எண்ணியிருக்க வேண்டாம்.) ஒருமுறை பழைய விளையாட்டுப் புத்தகம் ஒன்றில் சிலர் பில்லியர்ட்ஸ் ஆடும் படத்தைப் பார்த்து, "இவங்க மூஞ்சியப் பாருங்களேன், அந்தப் பந்து குழியில விழலைன்னா நாளைக்குச் சூரியனே வராதுங்கற மாதிரி!" என்று சிரித்தார். பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். அந்தச் சிரிப்புக்காக நாலு கடை ஏறி இறங்கி, அதே மாதிரிப் படம் அச்சிட்ட பீங்கான் கோப்பை ஒன்றைக் கண்டுபிடித்தேன். மயிரிழை போன்ற கறுப்புக் கோடுகளில் நான்கு மீசைக்காரர்கள், கோட்டும் தொப்பியுமாக மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருவர் கோலை நீட்டிக் குறிபார்க்கிறார், மற்ற மூவரும் மூச்சே விடவில்லை. புத்தகத்துக்கு அட்டை போடும் பழக்கத்தில் மூலைகளை மும்மடிப்பாக மடித்துச் செருகி, டேப் ஒட்டாமல் பொட்டலம் கட்டினேன். பெயர் எழுதவில்லை. சொல்லக் கூடாது என்றால் நான் சொல்ல மாட்டேன். என் சுபாவம் அப்படி.

அவர் பிரித்தார். படத்தைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து முன்மேசைக்காரி, அதுதான் வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சிரிப்பை வாரி வழங்குகிறவள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதால் அவளையும் நான் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டியிருக்கிறது, அவமானம் உனக்குத்தான், அவள் "பிடிச்சிருக்கா?" என்று கேட்டுவைத்தாள். கொடுத்தது அவள்தான் என்று நினைத்து எல்லோரும் "ஓஹோ!" என்றார்கள். அவள் இல்லை என்று சொல்லவில்லை அக்கா. தலையைக் குனிந்துகொண்டு வெட்கப்பட்டாள். நான் தேடி அலைஞ்சு வாங்கின கோப்பைக்கு அவ வெட்கப்படறா!

அன்றிலிருந்து இரண்டு மாதமாகத் தினமும் காலையில் அவர் மேசைக்குப் போய், "என்ன, நம்ம மீசைக்காரங்க எப்படி இருக்காங்க?" என்கிறாள். நம்ம! பொறுக்க முடியாமல் ஒருநாள் காபி அறையில் எல்லோர் காதிலும் விழும்படி, "அந்தப் படத்துல குச்சியைப் பிடிச்சிருக்கிறதே தப்பு" என்றேன். நான் பில்லியர்ட்ஸ் மேசையை நேரில்கூடப் பார்த்ததில்லை. அவள் என் தோளில் தட்டி, "உனக்கு ஏம்மா இவ்வளவு எரிச்சல்? ஆசையா இருந்தா சொல்லு, உனக்கும் ஒண்ணு வாங்கித் தர்றேன்" என்றாள். பட்டியல்காரர் கோப்பைக்குள் எதையோ தேடுகிறவர்போலக் குனிந்து சிரித்தார். எனக்கு உச்சிமயிர் எரிந்தது. கோப்பையைக் கொஞ்ச நாள் ஒளித்துவைப்பது என்று எடுத்துக்கொண்டு குழாயடிப் பக்கம் நழுவினேன். தலைமை நூலகர் எதிரே வந்துவிட்டார். "கையில என்னம்மா?" "கழுவலாம்னு சார்." "ரொம்ப நல்ல பழக்கம்" என்றார். மறுநாளிலிருந்து அலுவலகத்தின் ஒன்பது கோப்பைகளும் என் மேசையில் வரிசையாக நிற்கின்றன. கழுவுகிறேன். அவளுடையதையும், உதட்டுச் சாயம் போகும்வரை.

நேற்று அவளே என் காதருகில் வந்து, "ஏய், தினமும் கழுவறியே, அந்தக் கப் எங்க கிடைக்கும்னு தெரியுமா? சத்தியமா நான் வாங்கலைடி, அவங்களா நெனச்சுக்கிட்டாங்க, நானும் விட்டுட்டேன். இப்ப அவருக்கு இன்னொண்ணு வேணுமாம், கடை எங்கன்னு என்னைக் கேக்கறாரு, நான் முழிக்கறேன்" என்றாள். மானமுள்ள ஒருத்தி என்ன செய்வாள்? நான் கடைக்கு வழி வரைந்து கொடுத்தேன். இரண்டாவது தட்டு, பின்வரிசை என்றுகூடக் குறித்தேன். இன்னொன்று யாருக்கு என்று எனக்குத் தெரியாதா? இனி எதிரெதிரே உட்கார்ந்து ஜோடியாகக் குடிப்பார்கள், நான் ஜோடியாகக் கழுவுவேன். எனக்கு வேண்டாம் அக்கா இந்தப் பிழைப்பு. டாக்டர் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. எந்தக் கோப்பையில் காபி குடிக்கிறார் என்று மட்டும் விசாரித்துவை.

அத்தானுக்கு என் வணக்கம். வாண்டுவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். நீங்கள் எல்லோரும் மனநிம்மதியோடு இருக்க வேண்டும். வீட்டில் ஒருத்திக்கு இல்லாதது மற்றவர்களுக்காவது இருக்கட்டும்.

உன் அன்புத் தங்கை

பின்குறிப்பு: தபாலில் போட மறந்து கடிதத்தை வேலைக்கே எடுத்து வந்துவிட்டேன். நல்லதாகப் போயிற்று. என் மேசையில் ஒரு பொட்டலம் இருந்தது. டேப் இல்லை, மூலைகளில் மும்மடிப்பு, அதிலும் ஒரு மூலை வாயைப் பிளந்துகொண்டு. உள்ளே அதே நான்கு மீசைக்காரர்கள். பட்டியல்காரர் வந்து நின்று, "உங்க மடிப்பைத் தினமும் நாப்பது புத்தகத்துல பாக்கறேன். எனக்கா தெரியாது? நீங்களா சொல்வீங்கன்னு ரெண்டு மாசம் பொறுத்துப் பாத்தேன்" என்றார். எனக்குப் பற்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று டாக்டரிடம் சொல்லிவிடு. ஆனால் ஒன்று, என் வழிப்படத்தை வைத்து அவருக்காகக் கடைக்குப் போய் வாங்கி வந்தவள் முன்மேசைக்காரி, அதனால் அவளே எனக்கும் பரிசு கொடுத்ததாக அலுவலகம் முழுக்கப் பேச்சு. "ஆசைப்பட்ட பொண்ணுக்குச் சொன்னபடியே வாங்கிக் குடுத்திருக்கா பாரு, என்ன மனசு!" என்கிறார் தலைமை நூலகர். அவள் தலையைக் குனிந்துகொண்டு வெட்கப்படுகிறாள். இன்றிலிருந்து கழுவ வேண்டியது பத்துக் கோப்பை.