மச்சானைக் கழற்றிவிட்ட கேப்டன்

மாமனார் ஊரில் புது மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதை எவனையும் முட்டாளாக்காமல் விடாது. நான் ஏற்கெனவே பாதி முட்டாள் என்பதால் வேலை சுலபமாக முடிந்தது.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் எனக்கு ஆபீஸ் வேலை. மாலையானால் கம்ப்யூட்டரில் பேஸ்பால் அணி நடத்துவேன். (நிஜ பேஸ்பாலை இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை.) அந்த விளையாட்டில் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு குணம் உண்டு. ஒரே அளவு திறமையுள்ள இருவரில் உழைப்பாளி நட்சத்திரமாவான், சோம்பேறி தேய்ந்துபோவான். இதை ஆடி ஆடி, மனிதர்களை எடைபோடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தலைப்பொங்கலுக்கு மாமனார் ஊரான கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனோம். காணும் பொங்கலன்று கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் கிரிக்கெட் போட்டி. அந்த வருடத்துப் புது மாப்பிள்ளைதான் எங்கள் கீழத்தெருவுக்குக் கேப்டன். "எங்க மாப்ள கம்ப்யூட்டர்லயே டீம் நடத்துறாரு. இந்த வாட்டி நாமதான்" என்று மாமனார் டீக்கடை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அவர் தினமும் பால் சொசைட்டிக்குப் போவது மேலத்தெரு வழியாகத்தான்; தோற்றால் அங்கே கேலி தாங்க முடியாது.

தெருவிலேயே நன்றாக அடிப்பவன் என் மச்சான் செந்தில். ஆனால் காலை பத்து மணிக்குத்தான் எழுவான். உழைப்பு பூஜ்யம் என்று அவனை நீக்கிவிட்டேன். பதிலுக்கு, விடியும்போதே வந்து மைதானத்தைப் பெருக்கிய குமரேசன் அண்ணனைச் சேர்த்தேன்.

"ஏங்க, அவருக்கு ஆடவே தெரியாதுங்க" என்றாள் மனைவி.

"நல்ல குணம் இருக்குது. போகப்போக வளந்துடுவாரு."

"மேட்சு மத்தியானம்ங்க."

கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு வருடம் ஓடிவிடும். கருவேப்பிலங்குறிச்சியில் அந்த வசதி இல்லை.

மேலத்தெருவில் ஓர் ஆள் குறைந்தது. செந்திலைக் கூப்பிட்டார்கள். கொட்டாவி விட்டபடி போனான். அவன் அடித்த பந்துகள் (பெரும்பாலும் என் ஓவரில்) கரும்புக் கொல்லையில் போய் விழுந்தன. சளைக்காமல் ஓடித் தேடி எடுத்தவர் குமரேசன் அண்ணன். மட்டை பிடித்தபோது முதல் பந்திலேயே அவுட்டானவரும் அவரே. படுகேவலமாகத் தோற்றோம்.

அன்று சாப்பாடு போடும்போது மனைவி கேட்டாள்: "ராத்திரி பூரா சூளைகிட்ட நின்னுட்டு வரவன் பத்து மணிக்கு எந்திரிச்சா சோம்பேறியா? நீங்களும் பீங்கான் கம்பெனிலதான இருக்கீங்க?"

செந்திலுக்கு நைட் ஷிப்டு என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால்தானே தெரியும்.

மாமனார் இப்போது பால் சொசைட்டிக்குச் சுற்றுவழியாகப் போகிறார். போன மாதம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்த செந்தில் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, என் காதில் விழும்படியே சொன்னான்:

"யக்கா, பாப்பா பகல்லயே தூங்குது. மாமாவுக்குத் தெரியாம பாத்துக்க. வூட்ட விட்டு எடுத்துடப் போறாரு."