மயிலின் கழுத்தில் என் செருப்பு

செல்வி, முத்து, மார்கழியில் தெருவில் நடப்பவன் தரையைப் பார்த்து நடக்க வேண்டும். இதை அப்பா சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

அப்போது நாம் இந்தக் காலனிக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். விடியற்காலையில் காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். (நம் தூத்துக்குடிக் குளிர், மின்விசிறியை ஓர் எண் குறைக்கும் அளவுதான். இருந்தாலும் குளிர் குளிர்தானே.) தெருவில் சத்தமே இல்லை.

அன்று காலனியில் கோலப்போட்டி. வாசலில் உங்கள் அம்மா தாமரைக்குளம் போட்டு முடித்திருந்தாள். எதிர்வீட்டுக் கனி அக்கா தெரு அகலத்துக்கு ஒரு மயிலைப் போட்டுவிட்டு, காபி குடிக்க உள்ளே போயிருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், திரும்பி வரும்போது, ஒரு வீட்டு மாடியில் கட்டியிருந்த கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை அண்ணாந்து பார்த்தபடியே வந்தேன். நல்ல நட்சத்திரம்.

"ஏ அண்ணாச்சி! மயிலு கழுத்துலல்லா நிக்கிய!"

கனி அக்காவின் குரல். பதறி நாலு எட்டு வைத்தேன். நாலும் தோகையில். அங்கிருந்து நம் வாசல் வரை நீலப்பொடியில் என் செருப்புத் தடம். நம் தாமரையில் மட்டும் ஒரு பொட்டுகூட அழியவில்லை. (சொந்தக் கோலத்தை ஓரமாகத் தாண்டும் பழக்கம், உங்கள் அம்மா திட்டித் திட்டி வந்தது.)

தெருவே கூடிவிட்டது.

"போட்டின்னதும் புருசன விட்டு மிதிக்கச் சொல்லியிருக்கா பாருங்க" என்றார் கனி அக்கா.

"இல்லக்கா, நட்சத்திரத்தப் பாத்துட்டு வந்தேன்."

"விடிஞ்ச பெறகு என்ன நட்சத்திரம்?"

உங்கள் அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. வந்த இடத்தில் முதல் பெயரே 'கோலத்த அழிச்சவ' என்றால்? என்னைப் பார்த்தாள்.

"இங்கன வாங்க. நம்ம கோலத்துலயும் நடங்க."

"ஏளா, கோலம் நல்லாயிருக்கே!" என்றேன்.

"நடங்கங்கேன்."

காலனியே பார்க்க, குளத்தை நடந்தே கடந்தேன்.

"அந்த மூலையில ஒரு பூ மிச்சமிருக்கு" என்றாள். அதையும் மிதித்தேன்.

கனி அக்காதான் முதலில் சிரித்தார். "போதும்ளா, அண்ணாச்சிய நிப்பாட்டு."

பரிசு, வெறும் புள்ளிக்கோலம் போட்ட மூன்றாம் வீட்டுக்குப் போனது. அடுத்த மார்கழியிலிருந்து உங்கள் அம்மாவும் கனி அக்காவும் சேர்ந்தே கோலம் போடுகிறார்கள். முடித்ததும், "உங்கப்பாவ உள்ள வச்சுப் பூட்டுங்க" என்று கனி அக்கா உங்களிடம் கத்துகிறார். நீங்களும் பூட்டுகிறீர்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அன்று சாயங்காலம் தனியாக மொட்டைமாடிக்குப் போய், சாக்பீஸால் ஒரு மயில் வரைந்தேன். கோழி மாதிரி வந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அதை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்து பழகினேன்.

கடைசிச் சுற்றில் வால் அழிந்தது.