ஆடு யாரைப் பார்க்கிறது?

ஆட்டுக்கு எதிரே நின்றவனுக்குத் தாடி இருந்தது. யூஜினுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

முத்தியால்பேட்டையில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல், மனைவி ஜொசியான் தீட்டிய நீர்வண்ணப் படம் காய்ந்துகொண்டிருந்தது. பச்சைச் சரிவு, வளைந்து மறையும் பாதை, தோள்வரை முடி வளர்த்த ஒரு மேய்ப்பன், அவனை அண்ணாந்து பார்க்கும் ஒற்றை ஆடு. ஜொசியானுக்கு ஓவியம் கற்பிக்கும் ஜில்பேருக்கும் அதே முடி, அதே தாடி.

“ஆடு எதுக்கு அந்தாளையே பாக்குது?”

“இந்த மாதிரி படத்துல ஆடு வெறும் ஆடு இல்லீங்க. அது மனசு. மேய்க்கிறவரு அன்பு. முசியே ஜில்பேர் சொல்லிக்குடுத்தாரு.”

“ஓ! அவரே சொன்னாராக்கும்?”

“யாருன்னு பாத்தா தெரியலயா உங்களுக்கு?” என்று சிரித்துவிட்டு, அவள் கூடையுடன் மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள்.

இருபத்திரண்டு ஆண்டு இல்லறத்தில், அந்த ஆடு பார்ப்பதுபோல் அவள் தம்மை என்றேனும் பார்த்ததுண்டா என்று யூஜின் யோசித்தார். ஒருமுறை பார்த்திருக்கிறாள். அன்று அவர் தோளில் பல்லி இருந்தது.

தாடியை மட்டும் அகற்றிவிட்டால் போதும். ஈரத் தூரிகையால் மெல்லத் தொட்டார். தாடி போகவில்லை, மார்புவரை இறங்கியது. பஞ்சால் ஒற்றினார். தாடி போனது; கூடவே அங்கியும் கரைந்து, வயிறாகப் பருத்தது. வயிற்றை மறைக்கக் கட்டம் போட்ட சட்டை வரைந்தார். அந்தச் சட்டைக்கு அந்த முகம் பொருந்தவில்லை. மீசை வைத்தார்; மூக்குக்கண்ணாடியும் மாட்டினார்.

இப்போது மேய்ப்பன் ஏறக்குறைய யூஜினாகவே இருந்தான். ஆடு அவரைத்தான் பார்த்தது. வெகுநாளைக்குப் பின் அவர் மனம் நிறைந்தது.

வாசலில் ஜொசியானின் குரல் கேட்டது. படத்தை வாங்கிப்போக வந்த மாதா கோயில் உபதேசியார் மிக்காயேலும் உடன் நுழைந்தார்.

“ஐயையோ! என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?”

“பின்ன? அந்த ஜில்பேரு மூஞ்சிய என் வீட்டுலயே வரைஞ்சு வைப்ப, நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?”

“ஜில்பேரா?” ஜொசியான் கூடையைத் தரையில் வைத்தாள்.

உபதேசியார் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, நெடுநேரம் பார்த்தார்.

“நல்லாயன் ஞாயித்துக்கெழம பீடத்துல வைக்க சாமியாரு கேட்ட படங்க இது. சட்டைய விடுங்க, சேசுநாதருக்கு எப்பங்க கண்ணு மங்குச்சு?”